வெளிநாட்டில் வேலை, ஊரில் வங்கிக் கணக்கு: வரிக்கு நீங்கள் எந்த நாட்டவர்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பெரியப்பா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. அவருடைய பென்ஷன் பிரான்ஸில் உள்ள ஒரு வங்கிக் கணக்கில் விழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வங்கியிலிருந்து தபாலில் ஒரு படிவம் வந்தது. வரிக்காக நீங்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. பெரியப்பா பூதக்கண்ணாடியை வைத்து அதை இரண்டு முறை படித்தார். பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்து, அதன் அட்டையைப் பார்த்துக்கொண்டே நீல மையில் 'பிரான்ஸ்' என்று எழுதினார்.

"பெரியப்பா, நீங்க புதுச்சேரியை விட்டு வெளியே போகாமலே இருபது வருஷம் ஆகுதே" என்றேன்.

"நான் பிரெஞ்சுக்காரன்தானேடா, வேற என்ன எழுதறது?" என்றார்.

அந்த ஒரு சொல்லைத் திருத்த எங்களுக்கு ஆறு மாதமும் நான்கு கடிதங்களும் ஆயின. கேள்வி குடியுரிமையைப் பற்றியது அல்ல, எங்கே வாழ்கிறார் என்பதைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணமும் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியர் என்று ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. தெற்கே கடலூர் பக்கம் போனால் பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பும் ஊர்கள். எல்லோருக்கும் ஊரில் ஒரு கணக்கு, போன இடத்தில் ஒரு கணக்கு. புதிதாகக் கிளம்புகிறவர்களும், போய் ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களும் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளை எண்ணுங்கள்

இந்திய வரிக் கணக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஓராண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர். இரண்டாவதாக ஒரு விதி உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாளும் இருந்தாலும் குடியிருப்பவரே. ஆனால் வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியக் குடிமகனுக்கு, கிளம்பும் ஆண்டில் இந்த 60 நாள் பொருந்தாது. அவருக்கு 182 மட்டுமே.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை எண்ணினால் 181 நாள். ஆக, வேலைக்காக செப்டம்பர் 28க்குள் விமானம் ஏறுகிறவர் அந்த ஆண்டு வரிக்கு வெளிநாட்டவர், அதாவது எந்தக் குடியுரிமை இருந்தாலும் இங்கே குடியிருக்காதவர். அந்த ஆண்டில் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அக்டோபர் 5ஆம் தேதி ஏறினால் 188 நாள். அப்போது அந்த ஆண்டு முழுவதும் அவர் இந்தியாவில் குடியிருப்பவர், அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். ஒரு வாரம் முன்பின் ஆவதில் இவ்வளவு வித்தியாசம். டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்து போகிறவர்களுக்கும் 182தான். ஆனால் வெளிநாட்டு வருமானம் நீங்கலாக, இங்குள்ள வாடகை, வட்டி போன்றவை மட்டும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் எல்லை 120 நாளாகக் குறைகிறது. கடலூரில் இரண்டு மூன்று கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற பேச்சு போய் 'வரி ஆண்டு' என்று வந்திருக்கிறது. நாள் கணக்கு பழையபடியேதான். ஆனால் படிவ எண்கள் மாறக்கூடும், அதனால் அவற்றை மனப்பாடம் செய்து வைக்காதீர்கள். எந்த வேலைக்கான படிவம் என்று சொல்லிக் கேளுங்கள்.

நாள் கணக்குக்கு ஆதாரம் பாஸ்போர்ட் முத்திரை. சிங்கப்பூர் போன்ற நாடுகள் இப்போது முத்திரை குத்துவதில்லை. ஆகவே போர்டிங் பாஸை போட்டோ எடுத்து ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

போன நாடு என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு, 183 நாள் இருந்தால் அங்கே குடியிருப்பவர். அமீரகத்திலும் 183 நாள் என்பது ஒரு வழி. அங்கே தனிநபர் வருமான வரி இல்லாவிட்டாலும், குடியிருப்பவர் என்ற சான்றிதழ் கொடுக்கிறார்கள். வங்கிக்கோ வரித் துறைக்கோ காட்ட அது பயன்படும்.

பிரான்ஸ் நாளை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் குடும்பம் எங்கே இருக்கிறது, முக்கியமான வேலை எங்கே, வருமானத்தின் மையம் எங்கே என்றும் பார்க்கும். இவற்றில் ஒன்று பிரான்ஸில் இருந்தாலே போதும். மனைவி மக்களைப் பாரிஸில் விட்டுவிட்டு, லாஸ்பேட்டையில் வீடு கட்டுவதற்காக எட்டு மாதம் இங்கே தங்கியவரை இந்தியாவும் தன்னவர் என்னும், பிரான்ஸும் தன்னவர் என்னும்.

அப்படி இரண்டு நாடும் கேட்டால் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் தீர்த்து வைக்கும். இந்தியாவும் பிரான்ஸும் 1992 செப்டம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. முதலில் நிரந்தர வீடு எங்கே என்று பார்ப்பார்கள். இரண்டு இடத்திலும் வீடு இருந்தால், உறவும் பொருளும் எங்கே நெருக்கம் என்று. அதிலும் தீராவிட்டால், வழக்கமாக எங்கே தங்குகிறார் என்று. அதற்குப் பிறகுதான் குடியுரிமை. பெரியப்பா முதலில் எடுத்து வைத்த பாஸ்போர்ட்டுக்கு அந்த வரிசையில் நான்காவது இடம்.

முக்கியமான விதிவிலக்கு அமெரிக்கா. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் எங்கே வாழ்ந்தாலும் அந்த நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள அவர்களுடைய எல்லாக் கணக்குகளையும் கூட்டினால் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியது என்றால் தனியாக ஓர் அறிக்கையும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், வங்கிப் படிவத்தில் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஊர்க் கணக்கை மாற்றுங்கள்

வரிச் சட்டம் வேறு, அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா வேறு. வரிக்கு 182 நாள் எண்ணுகிறோம். ஃபெமாவில் வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே நீங்கள் வெளிநாட்டவர். அதனால் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. வங்கிக்குச் சொல்லி அதை என்ஆர்ஓ ஆக்க வேண்டும். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ என்று தனிக் கணக்கு திறந்துகொள்ளலாம்.

இரண்டுக்கும் வேறுபாடு எளிதுதான். ஊரில் வரும் வாடகை, பென்ஷன், நிலத்துக் குத்தகை எல்லாம் என்ஆர்ஓவுக்குப் போகும். அதன் வட்டியில் வங்கி 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் வரி பிடிக்கும். அதிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். என்ஆர்இயில் உள்ள பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம், வட்டிக்கும் இந்தியாவில் வரி இல்லை.

'இந்தியாவில்' என்ற சொல்லைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வளைகுடாவில் இருப்பவருக்கு அது பெரிதில்லை. பிரான்ஸில் குடியிருப்பவருக்கோ உலகத்தில் எங்கே வரும் வருமானமும் பிரான்ஸில் காட்ட வேண்டியது. புதுச்சேரி வங்கியின் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கும் அதுதான் விதி. வரி இல்லாத கணக்கு என்று வங்கியில் சொன்னது உண்மை, ஆனால் பாதி உண்மை.

இன்னொன்று. ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்களே, அந்தத் தள்ளுபடி இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்குப் புதிய முறையில் நான்கு லட்சம் வரைதான் வரி இல்லை. இங்குள்ள வருமானம் அதற்குள் இருந்தும் வங்கி வரி பிடித்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம்.

அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது?

கணக்குத் திறக்கும்போதும், முகவரி மாறும்போதும், சில சமயம் காரணம் சொல்லாமலும் வங்கி ஒரு உறுதிமொழிப் படிவம் கேட்கும். ஃபாட்கா, சிஆர்எஸ் என்று தலைப்பில் இருக்கும். சிஆர்எஸ் என்பது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒன்றுக்கொன்று கணக்கு விவரம் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்தியாவும் பிரான்ஸும் 2017 முதல் அதில் பரிமாறிக்கொள்கின்றன, சிங்கப்பூரும் அமீரகமும் 2018 முதல். அமெரிக்காவோடு ஃபாட்கா என்ற தனி ஒப்பந்தம், 2015 முதல்.

என்ன போகிறது தெரியுமா? உங்கள் பெயர், முகவரி, பிறந்த தேதி, வரி எண், கணக்கு எண், டிசம்பர் 31 அன்று இருந்த இருப்பு, ஆண்டு முழுவதும் வந்த வட்டி. வங்கி தன் நாட்டு வரித் துறைக்குக் கொடுக்கும், அது அடுத்த நாட்டுக்குக் கொடுக்கும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் காட்டியதும் அவர்களுக்கு வந்ததும் ஒன்றாக இருந்தால் போதும்.

படிவத்தில் குடியுரிமைக்கு ஒரு கட்டம், பிறந்த ஊருக்கு ஒரு கட்டம், வரிக்குக் குடியிருக்கும் நாட்டுக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருக்கும். மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டும் என்று இல்லை. காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுக் குடிமகனாகி, சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் மூன்று கட்டத்தில் மூன்று நாடு எழுதுவார், அதுவே சரி.

அடுத்து வரி எண். இந்தியா என்றால் பான். பிரான்ஸ் என்றால் வரித் துறைக் கடிதத்தின் தலையில் இருக்கும் 13 இலக்க எண். சிங்கப்பூர் என்றால் உங்கள் அடையாள அட்டையில் உள்ள எண். அமீரகம் தனிநபருக்கு வரி எண் தருவதில்லை. அங்கே காலியாக விடாமல், அந்த நாடு எண் வழங்குவதில்லை என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு முதல் முறை நகல் எடுக்காததால்தான் என்ன எழுதினோம் என்பதையே வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அம்மாவின் பாஸ்புக்கில் உங்கள் பெயர்

இந்த விஷயத்தில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு, ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே நடந்தது. சித்தியின் மகன் பாரிஸ் புறநகரில் வேலை பார்க்கிறான். கிளம்பும் முன், அம்மாவுக்கு ஏதாவது ஆனால் உதவும் என்று சித்தியின் கணக்கில் அவன் பெயரையும் சேர்த்தார்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர், கீழே 'ஈ ஆர் எஸ்' என்று சின்னதாக அச்சு. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பொருள். அவன் அதில் ஒரு ரூபாய் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை. பல வருடம் கழித்துப் பிரெஞ்சு வரித் துறையிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்தது: இந்தியாவில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, ஏன் சொல்லவில்லை?

கூட்டுக் கணக்கு என்றால் சிஆர்எஸ் விதிப்படி முழு இருப்பும் ஒவ்வொருவர் பெயரிலும் எண்ணப்படும், பாதி பாதி அல்ல. சித்தப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் அவனுடையது போலப் போயிருக்கிறது.

பிரான்ஸில் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் வருமானக் கணக்கு கொடுக்கும்போது, வெளிநாட்டில் திறந்த, வைத்திருக்கிற, பயன்படுத்துகிற, மூடிய எல்லாக் கணக்குகளையும் 3916 என்ற படிவத்தில் எழுத வேண்டும். முதன்மைப் படிவத்தில் 8யூயூ என்ற கட்டத்திலும் குறியிட வேண்டும். எழுதாவிட்டால் ஒரு கணக்குக்கு ஓராண்டுக்கு 1,500 யூரோ அபராதம். வட்டி வந்திருந்தால் அதற்கு 2047 என்று தனிப் படிவம். கணக்கில் ஐந்நூறு ரூபாய் இருந்தாலும், பல ஆண்டு யாரும் தொடாமல் உறங்கினாலும் எழுதத்தான் வேண்டும். உறங்கும் கணக்கும் 2019 முதல் இதில் வந்துவிட்டது. எல்ஐசி போன்ற ஆயுள் காப்பீட்டுப் பாலிசியும் இதே படிவத்தில் வரும். அம்மாவின் கணக்கை இயக்க உங்களுக்கு அதிகாரப் பத்திரம் இருந்து, நீங்கள் அதைப் பயன்படுத்தினாலும் எழுத வேண்டும்.

அதனால் பிரான்ஸ் போகும் முன்போ, அடுத்த முறை ஊருக்கு வரும்போதோ ஒரு மதிய நேரம் உட்காருங்கள். பீரோவில் உள்ள எல்லாப் பாஸ்புக்கையும் எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். கல்லூரியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த கணக்கு, அஞ்சலகக் கணக்கு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, எல்லாம். தேவையில்லாததை மூடுங்கள், மூடிய கடிதத்தை வாங்கி வையுங்கள். அம்மாவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், கூட்டுப் பெயரை எடுத்துவிட்டு நாமினியாக மட்டும் இருங்கள். நாமினி கணக்குக்குச் சொந்தக்காரர் ஆக மாட்டார். அவசரத்துக்குப் பணம் எடுக்க ஊரில் இருக்கும் தங்கையின் பெயரைச் சேர்க்கலாம்.

ஏற்கெனவே விட்டுப்போயிருந்தால், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே திருத்திய கணக்கைக் கொடுங்கள். என் தம்பி பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுத்தான். பணத்தைவிட, அதை எண்ணி எண்ணிச் சித்தி தூங்காமல் இருந்த நாட்கள்தான் எங்களுக்குப் பாரமாக இருந்தன.

புதுச்சேரியில் இருந்துகொண்டு வெளிநாட்டில் கணக்கு

இது சொல்தா குடும்பங்களுக்கும், பிரான்ஸிலிருந்து ஓய்வு பெற்று இங்கே தங்கிவிட்டவர்களுக்கும். எந்தப் பாஸ்போர்ட் இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறீர்கள் என்றால் இந்தியாவுக்கு நீங்கள் குடியிருப்பவர். பிரான்ஸ் வங்கியின் படிவத்தில் எழுத வேண்டியது 'இந்தியா', எண் என்ற இடத்தில் பான். பான் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.

அப்புறம் இந்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல் என்று ஒரு பகுதி, அட்டவணை எஃப்ஏ. ஐடிஆர்-1 படிவத்தில் அது கிடையாது, ஐடிஆர்-2 வேண்டும். கணக்கு திறந்த தேதி, அந்த ஆண்டில் இருந்த அதிகபட்ச இருப்பு, கடைசி இருப்பு, வந்த வட்டி எல்லாம் கேட்கும். மற்ற வருமானமெல்லாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, இந்தப் பட்டியல் மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. யூரோவை ரூபாயாக்க ஸ்டேட் பாங்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) பையிங் விலை, அதாவது வங்கி யூரோவை வாங்கும் விலை.

இதை எழுதாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடம் உண்டு. 2024 அக்டோபர் முதல், வீடு நிலம் நீங்கலாக வெளிநாட்டுச் சொத்தின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனாலும் எழுதுவதை விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து விவரம் வந்திருந்தும் பட்டியலில் காட்டாதவர்களுக்கு 2024 நவம்பரில் வருமான வரித் துறையே குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பி, டிசம்பர் 31க்குள் திருத்தச் சொன்னது.

பென்ஷனுக்கு எங்கே வரி என்பதில் அவசரப்பட்டு எதையும் எழுதாதீர்கள். அரசு வேலைக்கான பென்ஷனையும் தனியார் பென்ஷனையும் ஒப்பந்தம் தனித்தனியாக நடத்துகிறது. பென்ஷன் தாளில் பணம் கொடுப்பது யார் என்று இருக்கும். அந்தத் தாளை ஒப்பந்தம் தெரிந்த கணக்காளரிடம் காட்டிவிட்டு ரிட்டர்ன் போடுங்கள். பிரான்ஸில் ஏற்கெனவே வரி பிடித்திருந்தால் அந்த ரசீதும் வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது

பல ஆண்டு வெளிநாட்டில் இருந்து திரும்பி வருகிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு மூச்சுவிடும் காலம் உண்டு. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டவராக இருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளோ அதற்குக் குறைவோ என்றாலோ, நீங்கள் குடியிருப்பவர்தான், ஆனால் 'சாதாரணமாகக் குடியிருப்பவர்' அல்ல. பெரும்பாலோருக்கு இது இரண்டு, மூன்று ஆண்டு கிடைக்கும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வட்டிக்கும் வாடகைக்கும் இங்கே வரி இல்லை, அட்டவணை எஃப்ஏவும் வேண்டாம். அங்குள்ள கணக்குகளை மூடுவதா வைப்பதா என்று முடிவெடுக்க இதுதான் நல்ல நேரம்.

வங்கி விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. இனி இங்கேதான் என்று வந்து இறங்கியதும் என்ஆர்இ, என்ஆர்ஓ இரண்டையும் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்க ஆசை என்றால், திரும்பி வந்தவர்களுக்கென்றே ஆர்எஃப்சி என்ற கணக்கு இருக்கிறது. வெளிநாட்டில் இருந்தபோது வெளிநாட்டுப் பணமாகவே இங்கே போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிரும்வரை விட்டுவைக்கலாம். என்ஆர்இ வட்டிக்கு இருந்த விலக்கு நீங்கள் ஃபெமாவின்படி இங்கே குடியிருப்பவர் ஆனதும் போய்விடும். வங்கி தெரியாமல் வரி பிடிக்காமல் விட்டாலும், ரிட்டர்னில் நீங்கள் காட்ட வேண்டும்.

வங்கிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டின் கடைசி வருகை முத்திரை உள்ள பக்கம், பான், இங்குள்ள முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு, ஒரு புதிய உறுதிமொழிப் படிவமும் கேட்டு வாங்கி நிரப்புங்கள். வெளிநாட்டில் இன்னும் கணக்கு இருந்தால் அந்த வங்கிக்கும் அதே வாரத்தில் புதிய முகவரியையும் பான் எண்ணையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.